சுனிதி சாலமன்: ஆறு ரத்த மாதிரிகளில் தொடங்கிய ஆய்வு

இந்தியாவில் எச்.ஐ.வி. வைரஸ் பரவியிருப்பதை 1986-ல் முதன்முதலில் வெளிக்கொணர்ந்த ஆய்வை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். அந்தக் கண்டுபிடிப்போடு அவர் நின்றுவிடவில்லை. அடுத்த ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒரே வைரஸைப் பின்தொடர்ந்தார். ஆய்வகத்தில் தொடங்கிய அந்த வேலை நோயாளிகளின் குடும்பங்கள் வரை சென்றது.

சென்னையில் தோல் வணிகம் செய்த மராத்திய கைதொண்டே குடும்பத்தின் எட்டுப் பிள்ளைகளில் அவர் ஒரே பெண். ஆண்டுதோறும் வீட்டுக்கு வந்து தடுப்பூசி போட்டுச் சென்ற சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் சிறுவயதில் மருத்துவத்தின்மேல் ஆசை வந்ததாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது அறிமுகமான இதய அறுவை மருத்துவர் விக்டர் சாலமனை மணந்தார். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று கணவரோடு சென்று நோயியலில் பயிற்சி பெற்று, 1973-ல் ஊர் திரும்பி, நுண்ணுயிரியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1981-ல் அமெரிக்காவில் வெளியானது. 1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் அதற்குக் காரணமான எச்.ஐ.வி. வைரஸைப் பிரித்தெடுத்தது. 1985-ல் ரத்தப் பரிசோதனையும் புழக்கத்துக்கு வந்தது. அப்போதும் இந்தியாவில் அது மேலைநாட்டு நோய், நம் ஒழுக்கமே நமக்குக் காப்பு என்ற எண்ணமே ஓங்கியிருந்தது. அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கத் துணிந்ததுதான் சுனிதியின் முதல் தனிச்சிறப்பு. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நிர்மலாவுக்கு அப்போது 32 வயது. இரண்டு சிறு குழந்தைகளின் தாய். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களை அடைத்துவைத்திருந்த சென்னை அரசு காப்பகத்துக்குத் தினமும் சென்று ரத்தம் எடுத்தார். மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. கையுறை கிடையாது. சீரத்தைப் பிரிக்க இரவல் கருவிகள். பிரித்ததைப் பாதுகாக்க நிர்மலாவின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்றைய ஆய்வு நெறிகள் இதை ஏற்காது; ஏற்கவும் கூடாது.

பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால், 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை ஐஸ்பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடி வழியாக வேலூர் போய்ச் சேர்ந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வுத்துறை இருந்தது. அங்கே ஜார்ஜ் பாபுவும் எரிக் சிமோசும் எலைசா சோதனையைச் செய்தார்கள். பிளாஸ்டிக் தட்டிலுள்ள சிறு குழிகளில் வைரஸின் புரதம் பூசப்பட்டிருக்கும். சோதிக்க வேண்டிய சீரத்தில் எச்.ஐ.வி.க்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். பிறகு சேர்க்கும் நொதி, ஆன்டிபாடி ஒட்டியிருக்கும் குழியை மட்டும் நிறம் மாற்றும். அன்று ஆறு குழிகள் மஞ்சளாயின.

எலைசா ஒன்றையே நம்பி முடிவுசொல்ல முடியாது. அது தொற்றை எளிதில் தவறவிடாத கூர்மையான சோதனை. அதனாலேயே சில நேரம் தொற்று இல்லாதவரையும் இருப்பவராகக் காட்டிவிடும். நோய் அரிதாக உள்ள மக்களிடையே இந்தப் பிழை பெரிதாகும்: ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் தொற்று என்றால், நூற்றுக்கு ஒன்று தவறும் சோதனைகூட உண்மையான ஒருவரோடு தொற்றே இல்லாத பத்துப் பேரையும் சேர்த்துக் காட்டும். ஆகவே மாதிரிகள் அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் சோதனைக்கு உட்பட்டன. இந்தச் சோதனையில் வைரஸின் புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்து, எந்தெந்தப் புரதத்துக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்று பார்க்கலாம். ஆறும் உறுதியாயின. 1986 மே மாதம் தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டப்பேரவையில் செய்தியை அறிவித்தார். மறு ஆண்டு மார்ச்சில் நிர்மலா ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.

தொற்று கண்டறியப்பட்ட பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் காப்பகம் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்து, 1990-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. நோயைக் கண்டுபிடிப்பது வேறு, நோயாளியைக் காப்பது வேறு என்பதை இந்த நிகழ்வு காட்டியது. சுனிதியின் பிற்கால வேலை முழுவதும் இரண்டாவதை நோக்கித் திரும்பியது. கல்லூரியிலேயே எய்ட்ஸ் ஆதாரக் குழுவை நடத்திய அவர், 1993-ல் அரசுப் பணியை விட்டு, தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். தி. நகரில் சிறிய அளவில் தொடங்கிய அந்த மையம் பின்னர் தரமணியிலுள்ள வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. எச்.ஐ.வி. என்றாலே மருத்துவமனைகள் கதவடைத்த காலத்தில், பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை எல்லாம் அங்கே ஒரே கூரையின்கீழ் கிடைத்தன.

இந்த மையத்தின் ஆய்வுக் கேள்விகள் புறநோயாளிகள் அறையிலிருந்தே பிறந்தன. திருமணத்தன்று புதுத்தாலியோடு சேர்த்து வைரஸையும் வாங்கிக்கொண்ட மனைவிகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தொற்றுள்ள 134 பெண்களைப் பற்றி சுனிதியின் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வாழ்நாளில் ஒரே ஆணோடு மட்டும் உறவு கொண்டவர்கள், பெரும்பாலோர் இல்லத்தரசிகள். ஆபத்து சில குழுக்களுக்கு மட்டுமே என்ற நம்பிக்கையை இந்த ஆய்வு உடைத்தது. ஒரு பெண்ணுக்குத் தன் நடத்தையைவிடத் திருமணமே பெரிய ஆபத்தாக இருக்கலாம் என்று எண்களால் நிறுவிய இந்தச் சிறிய கட்டுரை, அவருடைய ஆய்வுகளில் முதல் கண்டுபிடிப்புக்கு அடுத்த இடத்தில் வைக்கத்தக்கது.

மையத்தின் மருத்துவர் என். குமாரசாமியும் சுனிதியும் 2003-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தென்னிந்தியாவில் இந்த நோய் எந்தப் பாதையில் போகிறது என்று 594 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னது. மேலைநாட்டு நோயாளிகளிடம் நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சை நிமோனியா முன்னணியில் இருந்தது. இங்கே ஏறக்குறைய பாதிப் பேருக்கு நுரையீரல் காசநோய். காரணம் எளிது. இந்நாட்டில் கோடிக்கணக்கானோர் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. சிடி4 வெள்ளணுக்கள் முன்னின்று அதைக் கட்டிப்போட்டிருக்கின்றன. எச்.ஐ.வி. அழிப்பது அதே சிடி4 அணுக்களை. காவல் விலகியதும் கிருமி விழித்துக்கொள்கிறது.

தாம்பரம் சானடோரியத்தின் வரலாறும் இங்குதான் இந்த நோயோடு இணைகிறது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், நல்ல காற்றையும் ஓய்வையும் நம்பி டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய மருத்துவமனை அது. 1937-ல் அரசு ஏற்றது. 1990-களில் காசநோய் என்று வந்தவர்களிடம் எச்.ஐ.வி.யும் காணப்பட, நாட்டின் மிகப் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை இடங்களில் ஒன்றாக அது மாறியது. தாம்பரம் கிழக்கிலிருந்து சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரி செல்லும் சாலையின் ஒரு முனைக்கு அருகில் சானடோரியம். மறுமுனையைத் தாண்டினால் தரமணி. தென்சென்னையின் இந்த ஒரே சாலை, இந்திய எய்ட்ஸ் சிகிச்சையின் இரு பெரும் இடங்களை இணைக்கிறது.

எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்து இருந்தும் வாங்க முடியாத நிலை 2001-ல் தளர்ந்தது. மேலைநாடுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை, 350 டாலருக்குத் தருவதாக மும்பையின் சிப்லா நிறுவனம் அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இந்தக் கூட்டு மருந்துச் சிகிச்சையை (ஏ.ஆர்.டி.) இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் இருந்தது.

அடுத்த கேள்வி, இந்த மருந்து பரவலையும் தடுக்குமா என்பது. எச்.பி.டி.என். 052 என்ற பன்னாட்டு ஆய்வு இதற்கு விடை தேடியது. ஒன்பது நாடுகளில் 13 இடங்கள்; அவற்றில் ஒன்று ஒய்.ஆர்.ஜி. கேர். தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணைகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு உடனே மருந்து. மற்றதற்கு சிடி4 குறைந்த பிறகு. துணைவரிடமிருந்தே பரவியதாக மரபணு ஒப்பீட்டில் உறுதியான 28 தொற்றுகளில் 27, மருந்தைத் தாமதித்த பிரிவில் நிகழ்ந்தவை. 2011-ல் இந்த இடைக்கால முடிவு தெரிந்ததும் எல்லோருக்கும் மருந்து தரப்பட்டது. ரத்தத்தில் வைரஸ் அடங்கினால் பரவும் வாய்ப்பும் அடங்குகிறது. ‘சயன்ஸ்’ இதழ் அந்த ஆண்டின் தலைசிறந்த அறிவியல் சாதனையாக இதைத் தேர்ந்தது.

தொற்றுள்ளவர்களுக்குள் வரன் பார்த்துத் திருமணம் முடித்துவைப்பதையும் சுனிதி தன் வேலையாகவே கருதினார். கணையப் புற்றுநோயால் 2015 ஜூலை 28 அன்று சென்னையில் 76-ஆம் வயதில் காலமானார். 2017-ல் மறைவுக்குப் பின் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அதே ஆண்டு, சிடி4 எண்ணிக்கையைப் பாராமல் தொற்று உறுதியான ஒவ்வொருவருக்கும் மருந்து தொடங்கும் நடைமுறை இந்தியாவின் எல்லா ஏ.ஆர்.டி. மையங்களுக்கும் வந்தது.