திதி சொல்லும் மீன்பாடு

பௌர்ணமி அந்தியில் திருவண்ணாமலையின் செங்கம் சாலை நிரம்பத் தொடங்கும். ரமணாசிரமத்து வாசலைத் தாண்டிக் கிரிவலக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதே நேரத்தில், இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தள்ளி, கிள்ளைக்குக் கிழக்கே சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் கடல் ஏறிக்கொண்டிருக்கும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் ஓடை ஓடையாகப் புகுந்து, சுரபுன்னையின் தாங்குவேர்களை உப்புத் தண்ணீர் மெல்ல மூடும். இங்கே நம்மை மலையைச் சுற்ற வைக்கும் அதே நிலாதான் அங்கே தண்ணீரை நகர்த்துகிறது. எந்த நேரத்தில் மீன் கடிக்கும் என்ற கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பௌர்ணமிக்கு இங்கே வருகிறவர்களில் கடலோரத்துக்காரர்கள் நிறையப் பேர். பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மீனவரிடம் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். "தொழிலை விட்டுட்டு வந்துட்டீங்களாண்ணே?" என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "நிலா வெளிச்சத்துல வலை மீனு கண்ணுக்குத் தெரிஞ்சிடும் தம்பி. இன்னைக்கு வலை போட்டா எண்ணெய்க் காசு கூடத் தேறாது. அதான் சாமி பார்க்க வந்தோம்." தூண்டிலுக்கும் அப்படித்தானா என்றேன். "தூண்டிலுக்கு நிலாவைப் பார்க்காதீங்க, தண்ணியைப் பாருங்க. வத்தத்துல ஓடை வாயில நில்லுங்க. ஏத்தத்துல உள்ளே போங்க. தண்ணி நின்னுடுச்சுன்னா நீங்களும் துடுப்பை வச்சிட்டுச் சோறு தின்னுங்க."

இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் இப்போது கார் மேல் கயாக்கைக் கட்டிக்கொண்டு கழிமுகங்களுக்குப் போகும் இளைஞர்கள் பலர் நம்புவது கைபேசிச் செயலியை. இன்று இத்தனை மணிக்குப் பெரிய கடி, இத்தனை மணிக்குச் சிறிய கடி என்று அது மீன் படம் போட்டுக் காட்டும். அந்தக் கணக்கின் மூலகர்த்தா ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர். 1926-ல் அவர் வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் வழிவழியாகச் சொல்லிவந்தவற்றைத் திரட்டி, கடைசியில் சூரியன், சந்திரன், ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கொள்கையை உருவாக்கினார். நிலா உச்சியில் இருக்கும்போதும், பூமிக்கு நேர் மறுபக்கம் இருக்கும்போதும் பெரிய கடி. நிலா எழும்போதும் மறையும்போதும் சிறிய கடி. 1936 முதல் அதற்கான அட்டவணைகள் அச்சில் வந்தன.

இந்த அட்டவணை கழிமுகத்தில் பல நாள் பலிக்கும். ஓதமே நிலாவின் பின்னால் ஓடுவதால், அட்டவணை சொல்லும் நேரத்துக்கு அருகில் எங்கோ தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கும். பலித்ததற்குக் காரணம் நிலாவா, ஓடிய தண்ணீரா என்று பார்க்க நம் மாவட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணை. அங்கே ஓதம் கிடையாது. மீனுக்கு நிலாவே சைகை காட்டுகிறது என்றால் சாத்தனூர்க் கெண்டைக்கும் விராலுக்கும் அதே மணிதான் கணக்கு. அங்கே தூண்டில் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியல், அந்தி, மழைக்குப் பின் புதுத்தண்ணீர் வரும் மூலை என்பார்கள். நிலா உச்சிக்கு வந்த மணியை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடலோரத்துக்கு வருவோம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே ஓத அட்டவணை என்பது எனக்கு வெகுகாலம் தோன்றவில்லை. வடதமிழகக் கரையில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் கடல் முழுதாக ஏறி நிற்பது ஏறத்தாழக் காலை எட்டரை மணிக்கும் இரவு ஒன்பதுக்கு முன்னும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளொன்றுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும். திதி என்பது நிலாவுக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஆகவே ஒரு திதிக்கு முக்கால் மணிக்குச் சற்று அதிகம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். பஞ்சமி என்றால் நண்பகல் தாண்டி ஏற்றம் முடியும். அஷ்டமி என்றால் பிற்பகல் மூன்று மணியை ஒட்டி. பிறகு அது தணிந்து வடியும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய ஓரிரு நாட்களில் ஏற்றவற்றம் அதிகம், அஷ்டமி நவமியை ஒட்டி மந்தம். குஜராத்தின் பாவ்நகரில் கடல் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். நம் கரையில் மொத்தமே ஒரு மீட்டரை ஒட்டித்தான். அதனாலேயே மந்தமான நாட்களில் பிச்சாவரத்தின் உள் ஓடைகளில் தண்ணீர் நகர்வதே தெரியாது, மீனும் சோம்பிக் கிடக்கும்.

இந்தக் கணக்கு முகத்துவாரத்துக்குத்தான் பொருந்தும். சின்னவாய்க்காலில் ஏறத் தொடங்கிய தண்ணீர் வளைந்து நெளிந்து உள் ஓடைக்கு வந்துசேர நேரமாகும். எவ்வளவு நேரம் என்பது ஒவ்வொரு ஓடைக்கும் வேறு. மணல் திட்டு இடம் மாறினால் அதுவும் மாறும். வாடைக்காற்று பலமாக அடித்தால் மாறும். கான்சாகிப் கால்வாய் வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் மேலே நன்னீரும் அடியில் உப்புநீருமாக ஓடி, மேல்மட்டம் வடிவது போலவும் அடி ஏறுவது போலவும் இருக்கும். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது.

ஓடைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இதில் அழகான பகுதி. தண்ணீர் ஏறும்போது மடவை கூட்டமாக வேர்களுக்குள் போய்ச் சேற்றின் மேல் படிந்த பாசியை மேயும். இறால் குஞ்சுகளும் பொடிமீன்களும் பின்னாலேயே போகும், வேர்க்கூட்டம் அவற்றுக்குப் பாதுகாப்பு. வடியத் தொடங்கியதும் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். ஓர் ஓடையின் தண்ணீர் முழுதும் ஒரே வாய் வழியாக வடிகிறது. அந்த வாயில், ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, வேர் நிழலில் கொடுவா நிற்கும். செப்பலி இன்னும் உள்ளே மரத்தடியை ஒட்டி நிற்கும். அந்தி மங்கலில் இந்தச் சாதகம் இரட்டிப்பாகும். கொடுவாவின் கண் குறைந்த வெளிச்சத்திலும் பார்க்கும், விளக்கடித்தால் செக்கச்செவேலென்று மின்னும். இரைமீனின் கண்ணுக்கு அந்த வசதி இல்லை. வடியும் தண்ணீரும் அந்தியும் ஒன்றாகக் கூடும் நாளைத்தான் தூண்டில்காரர் தேட வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி அது பெரும்பாலும் சஷ்டி முதல் நவமி வரை வரும். அப்போது ஓட்டம் மந்தம் என்ற குறையும் கூடவே வரும். ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளும் இடம் கழிமுகம்.

புயலுக்கு முன் காற்றழுத்தம் இறங்கினால் மீன் வெறிபிடித்துக் கடிக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. காற்றழுத்தத்தில் ஒரு மில்லிபார் என்பது ஒரு சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம். இருபது மில்லிபார் இறங்கினாலும் மீன் ஒரு சாண் மேலே வந்ததற்குச் சமம். ஓதமே நாள்தோறும் அதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொடுக்கிறது. மேகம், காற்று, கலங்கல், வெப்பம் குறைவது ஆகியவை காரணமாக இருக்கலாம். அழுத்தம் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை.

பிச்சாவரத்து ஓடைகளை உள்ளங்கை போல அறிந்தவர்கள் அங்கே வாழும் இருளர் மக்கள். வலையும் தூண்டிலும் இல்லாமல், வற்றத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். ஆண்களும் பெண்களும் பல மணி நேரம் தண்ணீரிலேயே கிடக்கிறார்கள். எந்த ஓடை எப்போது வற்றும் என்பது அவர்களுக்கு வயிற்றுப்பாடு. தவறிப்போனால் அன்றைய கூலி போச்சு. ஹைதராபாத்திலிருந்து இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் மூலம் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் அளந்து, மீன் கூடும் பகுதிகளை அறிவிக்கிறது. ஆழ்கடலுக்கு அது பெரும் உதவி. அலையாத்திக் காட்டின் ஒற்றை ஓடைக்கு அப்படி ஒரு கணிப்பு இல்லை, இருளர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஓடை வாரியாக இந்த அறிவை அவர்கள் பெயரிலேயே, ஊதியம் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும்.

கயாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் கட்டுமரத்தின் சாதகம்தான் மேல் அமர்ந்து துடுப்புப் போடும் கயாக்கின் சாதகமும். உள்ளே புகுந்த தண்ணீர் தானே வடியும், மூழ்காது, ஒரு சாண் தண்ணீரில் மிதக்கும், சத்தம் இல்லை. காற்றுதான் அதற்குப் பகை. கோடையில் பிற்பகலுக்கு மேல் சோழகம் எழும்பினால் துடுப்பை மட்டும் நம்பித் திரும்பி வருவது கடினம். தில்லை மரக் கிளையை ஒடிக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் கேடு. கொள்ளிடத்தின் பக்கம் முதலைகள் உண்டு, சாத்தனூரிலும் அந்த எச்சரிக்கை வேண்டும். பிச்சாவரம் காப்புக்காடு, 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் கயாக்கை இறக்கக் கூடாது. மிதவை அங்கியைக் கழற்றவும் கூடாது.

கடைசியாகக் கொடுவா. இந்த மீன் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். பெரிய கொடுவா என்றால் பெரும்பாலும் சினைமீன். இனப்பெருக்கக் காலத்தில் அது முட்டையிட முகத்துவாரத்துக்கு வருவது பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி, அந்தி சாய்ந்த பிறகு, தண்ணீர் ஏறும் நேரத்தில். ஏறும் ஓதம் முட்டைகளையும் குஞ்சுகளையும் கழிமுகத்துக்குள் கொண்டுசேர்க்கும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் இதை வளர்ப்புத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அதனால் பண்ணைக்குக் குஞ்சு கிடைக்கிறது. கழிமுகத்துக்கோ அந்தத் தாய்மீன்கள்தான் வேண்டும்.

ஆகவே பொழுதுபோக்குக்காகத் தூண்டில் எடுப்பவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. பௌர்ணமி, அமாவாசை அந்திகளில் முகத்துவாரத்தில் தூண்டில் போடாதீர்கள். மற்ற நாளில் பெரிய கொடுவா சிக்கினால், முள்ளைப் பக்குவமாக எடுத்து, தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்து, அது வாலடிக்கத் தொடங்கியதும் விட்டுவிடுங்கள்.