படத்தில் கறுப்பு, உண்மையில் சிவப்பு!

அமெரிக்க மக்களின் செல்ல விளையாட்டு, பேஸ்பால். மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் ஆட்டம் அது.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் என்ன நிறத்தில் உடை அணிந்தார்கள்?

"பழைய போட்டோவைப் பார்த்தால் தெரிந்துவிடுமே!" என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல்!

1860-ம் ஆண்டுகளில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசிப் படம் எடுத்தார்கள். அந்த ரசாயனத்துக்குச் சிவப்பு ஒளி எட்டாது. நீல ஒளி நன்றாக எட்டும். அதனால், சிவப்புத் துணி படத்தில் கறுத்துவிடும். வெளிர் நீலமோ வெள்ளையாகிவிடும்!

படத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

எழுத்தே சாட்சி

ஆகவே, ஆராய்ச்சியாளர்கள் பழைய பத்திரிகைகளையும், சங்கங்களின் ஏடுகளையும் புரட்டுகிறார்கள்.

நியூயார்க் நகரின் நிக்கர்பாக்கர் சங்கம் 1845-ல் தோன்றியது. 1849-ல் அது தன் உடையை முடிவு செய்தது. நீலக் கம்பளிக் கால்சட்டை, வெள்ளைப் பிளானல் சட்டை, வைக்கோல் தொப்பி! அந்தச் சங்கத்தின் ஏடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

சின்சினாட்டி நகர ஆட்டக்காரர்கள் 1868-ல் முழங்கால் வரை கால்சட்டையும், நீண்ட சிவப்புக் காலுறையும் அணிந்தார்கள். "சிவப்புக் காலுறை" என்பதே அந்த அணிக்குப் பெயராகிவிட்டது. 1869-ல், எல்லோருமே வெளிப்படையாகச் சம்பளம் வாங்கி ஆடிய முதல் அணி அதுதான்.

படம் மறைத்த நிறத்தைப் பெயர் காட்டிக் கொடுத்தது!

பழைய விதிப்படி, பழைய உடையோடு ஆடும் சங்கங்கள் அமெரிக்காவில் இன்றும் உண்டு. அவர்களுடைய தையற்காரர் எந்த நிறத் துணியை வெட்டுவது? அதைச் சொல்வது, அன்று யாரோ எழுதி வைத்த ஒரு வரிதான்.