சரக்கின் குணம் அறிந்து விற்போம்

எத்தாளையில் கடை வைத்திருக்கும் எனக்குத் தேயிலை என்றால் ஒரே கணக்குத்தான். சாயம் நன்றாக இறங்க வேண்டும்; கொதிதண்ணீர் ஊற்றிச் சீனி போட்டால் நாக்கில் பிடிக்க வேண்டும். முப்பது வருடமாக அப்படித்தான் வாங்கி விற்று வந்தேன். அந்தக் கணக்கை ஜப்பான் பச்சைத் தேயிலை குழப்பிவிட்டது.

கற்பிட்டிப் பக்கம் வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஹோட்டல் நடத்தும் ஒருவர், "ஜப்பான் கிரீன் டீ எடுத்துத் தர ஏலுமா நானா?" என்று கேட்டார். புறக்கோட்டையில் எனக்குப் பழக்கமான மொத்த வியாபாரி ஹாஜியார் ஒருவரிடம் சொல்லி ஆறு டின் தருவித்தேன். 'சென்சா' என்ற வகை. ஒன்றைத் திறந்து முகர்ந்தால், கரையில் ஒதுங்கிய கடற்பாசியின் வாசம்! கொதிதண்ணீர் ஊற்றிக் குடித்தால் வேப்பங்கொழுந்துக் கசப்பு. உடனே ஹாஜியாருக்குத் தொலைபேசி எடுத்து, "பழுதான சரக்கைத் தந்துவிட்டீர்களே" என்று ஏசிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தம்பி, சரக்கில் பழுதில்லை. கொதிதண்ணியக் கோப்பைக்குக் கோப்பை ரெண்டு தடவை மாத்தி ஆற வச்சு, பிறகு ஊத்துங்க. ஒரு நிமிசத்தில் வடிச்சிடுங்க. சீனி வேணாம்" என்றார்.

அப்படியே செய்தேன். கசப்பு அடங்கி, மெல்லிய இனிப்பும், நல்ல மீனாணத்தில் இருப்பது போன்ற ஒரு சாரமும் நாக்கில் நின்றன.

ஏன் இந்த வித்தியாசம்?

நமது மலையகத்தில் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்துக் கறுக்க விடுகிறார்கள். ஜப்பானில் பறித்தவுடன் நீராவியில் அவிக்கிறார்கள். அதனால் கறுப்பது நின்று, பச்சை நிறமும் அந்தக் கடல் வாசமும் தங்குகின்றன. அவித்து உருட்டி உலர்த்தும் சென்சா முறையை 1738இல் ஊஜிப் பகுதியில் சீர்படுத்தியவர் நகதானி சோயென். சீனப் பச்சைத் தேயிலை பெரும்பாலும் சட்டியில் வறுக்கப்படுவது. மொரோக்கோவில் புதினா போட்டுக் குடிப்பது அந்த இனத்தைத்தான்.

சாரத்தைத் தருவது தியானின் என்ற பொருள். கசப்பும் துவர்ப்பும் கட்டெகின். வெயில் பட்டால் முன்னது குறைந்து பின்னது கூடும். ஆகவேதான் விலைகூடிய 'கியோகுரோ'வுக்குப் பறிப்பதற்கு முன் சுமார் மூன்று வாரம் செடிகளை மூடி நிழல் கொடுக்கிறார்கள். தண்ணீரின் சூடு கூடினாலும் கட்டெகின் அதிகம் இறங்கும். சென்சாவுக்கு 70-80 பாகை செல்சியஸ், கியோகுரோவுக்கு 50-60 பாகை போதும். வறுத்த 'ஹோஜிச்சா'வுக்குக் கொதிதண்ணீரே ஊற்றலாம். நம்மவர் நாக்குக்கு அதுதான் சீக்கிரம் பழகும். 'மட்சா' என்பது நிழலில் வளர்ந்த இலையை அரைத்த மாவு. வடிக்காமல் கரைத்தே குடிப்பார்கள். 2024, 2025ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் அதற்குக் கேள்வி கூடித் தட்டுப்பாடு வந்தது. எனவே மலிவாகக் கிடைக்கும் பச்சை மாவையெல்லாம் மட்சா என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

என் பிழை

ருசியைக் கற்ற நான் பராமரிப்பைக் கற்கவில்லை. திறந்த டின்னைச் சரியாக மூடாமல் கருவாட்டுக்கும் வெங்காயத்துக்கும் பக்கத்தில் வைத்துவிட்டேன். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்தில் நிறம் மங்கிக் கருவாட்டு வாடை ஏறிவிட்டது. "எப்படியும் கடல் வாசமுள்ள சரக்குத்தானே, ஹோட்டல்காரருக்குத் தெரியவா போகிறது?" என்று மனம் சொன்னது. ஆனால் குறையை மறைத்து விற்ற காசு ஹலாலாகுமா? அதைக் கொட்டிவிட்டு ஐந்து டின்னுக்கே பில் போட்டேன். ஆறு டின்னில் கிடைக்கவிருந்த இலாபம் ஒரு டின்னோடு போனது. ஹாஜியாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது சிறிய டின்களாகவே எடுக்கிறேன். வெயிலும் வாடையும் படாத தனி அலுமாரியில் வைக்கிறேன். ஊற்றும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஒவ்வொரு டின்னோடும் கொடுக்கிறேன். பழக்கமில்லாத சரக்கை விற்கும் நண்பர்களே, நாம் குடித்துப் பார்க்காத ஒன்றை வாடிக்கையாளரிடம் நல்லது என்று சொல்லவும் முடியாது, பழுது என்று சொல்லவும் முடியாது.