வசந்தத்தில் பூக்கும் செடியை எப்போது கத்தரிப்பது?

"அலங்காரச் செடிகளைக் கத்தரிப்பதற்கு உகந்த காலம் எது?" என்று கேட்டால், மாணவர்கள் பலர் "செடி உறங்கு நிலையில் இருக்கும் காலம்" என ஒரே வரியில் எழுதிவிடுகின்றனர். புதுத் தளிரில் பூக்கும் ரோசாவுக்கு அது சரி. எல்லாச் செடிக்கும் சரியன்று. ஏன் என்பதை விளங்கிக்கொள்ளக் குளிர்நாட்டுச் செடியான போர்சித்தியாவை எடுத்துக்கொள்வோம்.

இதன் இனங்களுட் பெரும்பாலானவை சீனா, கொரியா முதலிய கிழக்காசிய நாடுகளுக்குரியவை. 1804 இல் காலமான வில்லியம் போர்சைத் என்ற ஸ்கொட்லாந்துத் தோட்டக்கலைஞரின் பெயரே செடிக்கு இடப்பட்டது. 2 முதல் 3 மீற்றர் வரை வளரும் இலையுதிர் செடி இது. மார்ச், ஏப்ரல் மாதங்களில், இலை துளிர்க்கு முன்னரே, வெறுந் தண்டு முழுவதும் மஞ்சள் பூக்களால் மூடப்படும். ஒவ்வொரு பூவிலும் நான்கு இதழ்கள். கொரியர் இதனைக் கெனாரி என்பர். சியோல் நகரின் சின்னமலரும் இதுவே.

இலையே இல்லாத செடிக்கு இவ்வளவு பூவும் எங்கிருந்து வந்தன? இங்கேதான் விடை இருக்கிறது. பூவரும்புகள் வசந்தத்தில் உருவாவதில்லை. முந்திய கோடையில் வளர்ந்த தண்டுகளில் அப்போதே உருவாகி, குளிர்காலம் முழுவதும் மூடியபடி காத்திருக்கின்றன. போதிய குளிரைப் பெற்ற பின்னரே, வெப்பம் கூடும்போது விரிகின்றன. ஆகவே ஜனவரியில் தண்டை வெட்டுபவர் அந்த ஆண்டின் பூவையும் சேர்த்தே வெட்டுகிறார்.

நான் கலைப் பட்டதாரி. படிப்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் எனது குறிப்பிலும் "உறங்கு நிலை" என்ற அந்த ஒற்றை வரிதான் இருந்தது. "அப்ப அரும்பும் போயிடுமே, சேர்?" என்று பின்வாங்கில் இருந்த மாணவி கேட்டபோதுதான் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். அதற்குள் முந்திய வகுப்பு அந்தக் குறிப்போடு பரீட்சைக்குப் போய்விட்டது.

போர்சித்தியாவைக் கத்தரிக்க வேண்டியது பூத்து முடிந்த உடனே. பழைய, தடித்த தண்டுகளில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை தெரிந்து, அடியோடு வெட்ட வேண்டும். அடியிலிருந்து புதுத் தண்டுகள் எழுந்து, கோடையில் அடுத்த ஆண்டுக்கான அரும்புகளைத் தாங்கும். வேலி வெட்டுவது போல மேலால் ஒரே மட்டத்துக்கு வெட்டினால் நுனியில் மட்டும் கிளை அடர்ந்து செடியின் வடிவம் கெடும்.

கடுங்குளிர் ஆண்டுகளில் இன்னொன்றும் நிகழும். பனிக்கு மேலே நின்ற அரும்புகள் கருகிவிட, பனி மூடிய அடிக்கிளைகள் மட்டும் பூக்கும். மேலே இலை, கீழே பூ! பூவரும்பு குளிர்காலத்துக்கு முன்னரே தண்டில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பராமரிப்பு எளிது. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். நைதரசன் பசளை கூடினால் இலை செழித்துப் பூ குறையும். கோடைத் தொடக்கத்தில் இளந்தண்டுத் துண்டுகளை நட்டு இனம்பெருக்கலாம். வளைந்து மண்ணைத் தொடும் கிளை தானாகவே வேர்விடுவதும் உண்டு. நீங்கள் படித்த பதிவைத்தலை இயற்கையே செய்துகாட்டுகிறது. குளிர்காலமே இல்லாத எமது தாழ்நிலங்களில் இது பூக்கும் என எதிர்பார்க்க முடியாது.

கவனிக்க: எமது மல்லிகையும் போர்சித்தியாவும் ஒலியேசியே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதற்காக ஒரே விதியை எழுதிவிடாதீர்கள். மல்லிகை புதுத் தளிரில் பூப்பதால் பூக்கும் பருவத்துக்கு முன்னர் கத்தரிக்கப்படுகிறது. விடையில் "முன்னைய ஆண்டுத் தண்டு", "புதுத் தளிர்" என்ற வேறுபாட்டைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

பயிற்சி வினா: ஒருவர் தமது போர்சித்தியாச் செடியை ஜனவரியில் அரைவாசி உயரத்துக்கு வெட்டினார். மார்ச்சில் பூக்கள் மிகக் குறைவு. செடிக்கு நோய் எனக் கருதிப் பசளை இட்டார். அவர் செய்த தவறுகள் இரண்டையும் காரணங்காட்டி விளக்குக. (4 புள்ளிகள்)