காவலுக்கும் ஒரு காவல்

இரவு நேரத்தில் காவற்காரர் ஒருவர் தடியைத் தரையில் தட்டிக்கொண்டு தெருவில் நடந்து செல்லும் ஓசையை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அந்த ஓசை முறையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வரையில் வீட்டிலுள்ளோர் கவலையின்றி உறங்குகின்றனர். என்றேனும் ஓர் இரவில் அது கேட்காமற்போனால், பெரியவர் ஒருவர் விழித்துக்கொண்டு, "இன்று காவற்காரரைக் காணோமே!" என்று திண்ணைக்கு வந்து பார்க்கிறார். கள்வன் வந்தான் என்பதற்காக அவர் எழவில்லை. காவல் நின்றுவிட்டதோ என்னும் ஐயத்தினாலேயே எழுந்தார். இச்சிறு செய்தியில் ஓர் அரிய உண்மை அடங்கியிருக்கிறது. அதனை மனத்தில் இருத்திக்கொண்டு இன்றைய பொருளுக்குள் புகுவோம்.

பள்ளி, மருத்துவமனை, வங்கி, தொழிற்சாலை என எந்த நிறுவனமாயினும் அதன் அன்றாட அலுவல்கள் இந்நாளில் கணினிகளை நம்பியே நடைபெறுகின்றன. அக்கணினிகளை இரவும் பகலும் காப்பதற்கென்றே சில மென்பொருள்கள் உள்ளன. அவற்றைக் கண்காணிப்பு மென்பொருள்கள் என்கிறோம். அவை எவ்வாறு பணி புரிகின்றன? ஒரு நிறுவனத்தில் அவற்றை எவ்வாறு அமைத்தல் வேண்டும்? இவ்விரண்டையும் காண்போம்.

ஒரு கல்லூரியில் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். மாணவர் கண்ணுக்குப் புலப்படுவது ஒரு திரை மட்டுமே. அத்திரைக்குப் பின்னால் நீண்டதொரு சங்கிலி இருக்கிறது. கேட்டதை எடுத்துத் தரும் சர்வர் எனும் வழங்கிக் கணினி, மதிப்பெண்களை அடுக்கி வைத்திருக்கும் தரவுத்தளம், அத்தரவு பதிந்துள்ள வட்டுகள், கணினிகளைப் பிணைக்கும் ஸ்விட்ச், வெளியுலகோடு இணைக்கும் ரூட்டர், மின்சாரம் தடைப்பட்டால் கைகொடுக்கும் மின்கலம், அறையைக் குளிர்விக்கும் எந்திரம் ஆகிய யாவும் அச்சங்கிலியின் கண்ணிகள். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் திரை வெறுமையாகிவிடும்.

எல்லாப் பழுதும் திடீரென நேர்வதில்லை. வட்டில் நாள்தோறும் நூற்றில் ஒரு பங்கு இடம் நிரம்புவதாகக் கொள்வோம். முழுதும் நிரம்பிய நாளன்று தரவுத்தளம் புதிதாக எதையும் எழுத இயலாமல் நின்றுவிடும். ஆனால் 80 விழுக்காடு நிரம்பியபோதே நமக்குச் செய்தி கிடைத்திருந்தால், பழுதைத் தவிர்க்க 20 நாள் தவணை இருந்திருக்கும். இன்று எது நின்றது என்பதை மட்டுமன்றி, நாளை எது நிற்கும் என்பதையும் உரைப்பதே நல்ல கண்காணிப்பின் பயன்.

இக்காவல் பெரும்பாலும் இரு முறைகளில் நிகழ்கிறது. கண்காணிக்கும் கணினி ஒவ்வொரு எந்திரத்தையும் குறித்த இடைவெளியில் நலம் கேட்டறிவது ஒருமுறை. எந்திரமே தன் நிலையைச் சொல்லியனுப்புவது மற்றொரு முறை. நலம் கேட்கும் கருவிகளுள் மிக எளியது பிங் என்பது. அமெரிக்கப் படைத்துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983-ஆம் ஆண்டில் அதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்பது போல, இதுவும் ஒரு சிறு செய்தியை அனுப்பி மறுமொழியை எதிர்பார்க்கிறது. 1988-இல் எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை வெளியாயிற்று. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகளும் தம் நிலையை ஒரே மொழியில் எடுத்துரைக்க அது வழிவகுத்தது. பின்னர் 1999-இல் தோன்றி இன்று நாகியோஸ் என வழங்கும் மென்பொருள், 2001-இல் வெளிவந்த ஸாபிக்ஸ், 2012-இல் உருவாகத் தொடங்கிய பிரமீத்தியஸ் முதலியன பெயர் பெற்றன. இவற்றை விலையின்றியே பெறலாம். ஆதலின் பொருள் இன்மை இங்கே பெருந்தடையன்று. எண்ணித் துணியாமையே தடை.

மென்பொருளை நிறுவிவிட்டால் மட்டும் காவல் முடிந்துவிடுமா? முடியாது என்பதற்கு 2003-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் நாள் சான்று பகர்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மின் நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில், மின்கம்பிகளின் நிலையை உணர்த்தி எச்சரிக்கை ஒலிக்கும் மென்பொருள், பிற்பகல் 2.14 மணிக்குப் பின் செயலிழந்தது. தான் செயலிழந்ததை அது எவருக்கும் அறிவிக்கவில்லை. எச்சரிக்கை ஏதும் வராமையால் கட்டுப்பாட்டு அறையினர் எல்லாம் நலமே என்றிருந்தனர். 2.41-க்கு அதைத் தாங்கிய முதன்மைக் கணினியும், 2.54-க்கு அதற்கு மாற்றாக நின்ற கணினியும் அடுத்தடுத்து நின்றன. கணினிப் பொறியாளர்க்குத் தானியங்கி அழைப்பு சென்றது. அவர்கள் 3.08 மணிக்கு முதன்மைக் கணினியை மீண்டும் இயக்கினர். கணினி இயங்குவதைக் கண்டு பணி முடிந்ததென எண்ணினர். எச்சரிக்கை மென்பொருள் அப்போதும் உறைந்தே கிடந்தது. அது வேலை செய்கிறதா என்று கட்டுப்பாட்டு அறையினரை அவர்கள் வினவவில்லை.

இதற்கிடையே 3.05 மணிக்கும் 3.41 மணிக்கும் இடையில், 3,45,000 வோல்ட் அழுத்தம் கொண்ட மூன்று பெரும் மின்கம்பிகள் மரங்களைத் தொட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. மாலை 4 மணி கடந்த சில நிமிடங்களில் பழுது மாநிலம் மாநிலமாகப் பரவிற்று. அமெரிக்காவிலும் கனடாவின் ஒன்டேரியோவிலுமாகச் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். மரங்களை உரியவாறு வெட்டாமை முதலிய வேறு காரணங்களும் இதற்கு உண்டு என்பதை இரு நாடுகளும் கூடி அமைத்த குழு 2004-இல் எடுத்துக்காட்டிற்று. ஆயினும், காவல் உறங்கியதை எவரும் அறியாதிருந்தது அக்காரணங்களுள் தலையாய ஒன்று. இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடங்களைக் கொண்டே ஒரு நிறுவனத்தின் கண்காணிப்பை அமைக்கும் முறையை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, காக்க வேண்டியவற்றின் பட்டியல். எந்தெந்தக் கணினி எங்கே இருக்கிறது, அது நின்றால் யாருடைய பணி நிற்கும் என்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். பட்டியலில் இல்லாத கணினி காவலில்லாத வாயிலாகும்.

இரண்டாவது, பயன்படுத்துவோர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தல். கணினி இயங்குகிறது என்பது வேறு. அதன் பணி நடைபெறுகிறது என்பது வேறு. ஓஹையோவில் பொறியாளர் முன்னதைக் கண்டு பின்னதைக் காணத் தவறினர். நம் கல்லூரியில், சோதனைக்கென வைத்த ஒரு பதிவெண்ணை நிமிடந்தோறும் தானே உள்ளிட்டு, மதிப்பெண் சரியாக வருகிறதா என்று பார்க்கும் சிறு நிரல் ஒன்று இருத்தல் நலம். 2016-இல் கூகிள் பொறியாளர்கள் வெளியிட்ட நூல், அளக்கத்தக்க அடையாளங்களுள் நான்கினைச் சிறப்பித்துச் சொல்கிறது. மறுமொழிக்கு ஆகும் நேரம், வரும் வேண்டுகோள்களின் அளவு, பிழைகளின் எண்ணிக்கை, எந்திரம் நிரம்பியுள்ள நிலை என்பன அவை.

மூன்றாவது, எச்சரிக்கைக்குரிய எல்லையை அளந்து வைத்தல். ஆடு மேய்த்த சிறுவன் "புலி வருகிறது" என்று வீணே கூவிய கதையை நாம் அறிவோம். காரணமின்றி நள்ளிரவில் பத்துமுறை எழுப்பப்பட்ட பொறியாளர் பதினோராம் முறை எழமாட்டார். அந்தப் பதினோராவது உண்மையான புலியாக இருந்துவிடலாம். இரவுதோறும் காப்பு நகல் எடுக்கும் வேளையில் கணினி கடுமையாக உழைப்பது இயல்பு, அது நோயன்று. ஆகவே, முதற் சில வாரங்கள் அளவுகளை மட்டும் குறித்துவந்து, இயல்பு இன்னதென அறிந்தபின் எல்லை வகுத்தல் வேண்டும். ஒரு ஸ்விட்ச் நின்றால் அதன் பின்னுள்ள 40 கணினிகளும் நின்றனபோல் தோன்றும். எது எதைச் சார்ந்தது என்பதை மென்பொருளுக்கு அறிவித்துவிட்டால், 41 ஓலங்களுக்கு மாறாக ஒரே செய்தி வரும். உடனே செயல் வேண்டாத செய்தி, காலை அறிக்கையில் இடம் பெற்றால் போதும்.

நான்காவது, செய்தி யாரிடம் சேர வேண்டும் என்பது. அனைவருக்கும் அனுப்பப்பட்ட எச்சரிக்கையை, "மற்றவர் பார்த்துக்கொள்வார்" என்று அனைவருமே விட்டுவிடுவர். இந்த வாரம் பொறுப்பாளர் இவர், பத்து நிமிடத்தில் இவர் மறுமொழி தராவிடில் அடுத்தவர் இவர் என்று பெயர் குறித்து வைத்தல் வேண்டும். வந்தவுடன் செய்ய வேண்டியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தலும், பயன்படுத்துவோர்க்கு நிலைமையை உடன் தெரிவித்தலும் இக்கடமையின் பகுதிகளே.

ஐந்தாவது, காவலன் கையிலுள்ள சாவிகளைக் காத்தல். கண்காணிப்பு மென்பொருள் எல்லா அறைகளுக்குள்ளும் நுழைந்து பார்ப்பது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஒரையான் என்னும் கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்பில் பகைவர் தீய நிரலைப் புகுத்தியிருந்தது 2020 டிசம்பரில் வெளிப்பட்டது. அப்புதுப்பிப்பைப் பெற்ற நிறுவனங்கள் 18,000 வரை என்று கணக்கிடப்பட்டது. ஆதலின் அதற்குப் பார்க்கும் உரிமை மட்டும் தந்து, மாற்றும் உரிமையைத் தராதிருத்தலே பெரும்பாலும் தக்கது.

ஆறாவதே முடிவானது, காவலுக்கும் ஒரு காவல் வைத்தல். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாகத் தரவை அழித்துவிட்டார். காப்பு நகல்களை நாடியபோது, அவை முன்னரே எடுக்கப்படாமல் நின்றிருந்தமை தெரியவந்தது. அப்பழுதை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டும், அஞ்சல் அமைப்பு அவற்றை ஏற்க மறுத்திருந்தது. வேறொரு நகல் இருந்தமையால் இழப்பு சுமார் ஆறு மணி நேரத் தரவோடு நின்றது. இதனை அந்நிறுவனமே மறைக்காமல் உலகறிய வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

ஆகவே, கண்காணிக்கும் கணினியைக் காக்கப்படும் கணினிகளோடு ஒரே மின்னிணைப்பில் வைத்தல் ஆகாது. அது, "நான் விழித்திருக்கிறேன்" என்னும் குறிப்பைச் சில நிமிடங்களுக்கொருமுறை வெளியிலுள்ள வேறொரு கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். குறிப்பு வராத கணமே அந்த வெளிக்கணினி மணி அடிக்கும். மேலும், மாதம் ஒருமுறை, இடையூறு நேராத வேளையில், முன்னறிவிப்புடன் ஒரு பணியை நாமே நிறுத்தி, எச்சரிக்கை உரியவரைச் சென்று சேர்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய பொறுப்பை ஏற்கக்கூடும். அந்நாளில் திரையெங்கும் பச்சை விளக்குகள் எரிவதைக் கண்டு மகிழுமுன், "இவ்விளக்கு கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?" என்று கேளுங்கள். தடி ஓசை நின்றபோது திண்ணைக்கு வந்து பார்த்த அப்பெரியவரின் விழிப்பு, எந்த மென்பொருளோடும் சேர்ந்து வருவதன்று; அமைப்போர்தாம் அதை உடன் அமைத்தல் வேண்டும்.