விண்மீன் ஒளிப்படங்களில் அளவுதிருத்தமும் அடுக்குதலும்: கொல்லிமலை இருள்வானத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இரவு வானப் படங்களை மென்பொருளால் திருத்தி அடுக்கும்போது எப்பிழைகள் நீங்கும், எவை நீங்கா என்பதைக் கொல்லிமலைச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, இருட்படம், சமஒளிப்படம், அடுக்குதல், ஒளிமாசு.

முன்னுரை

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் அரியூர்ச் சோலைப் பகுதியில் இருள்வானப் பூங்கா அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2024 சனவரியில் அறிவித்தது. பட மென்பொருள்கள் இத்துணை வளர்ந்துள்ள காலத்தில் இருண்ட வானம் எதற்கு என்னும் வினா இயல்பாக எழும். அதற்கான விடை மென்பொருள் இயங்கும் முறையிலேயே உள்ளது.

அளவுதிருத்தம்

ஒளிப்படக் கருவியின் உணரி பதிவதெல்லாம் விண்மீன் ஒளியன்று. மின்சுற்று சேர்க்கும் அடிநிலை மதிப்பு, வெப்பத்தால் எழும் மின்னோட்டம், வில்லையின் விளிம்பு மங்கல், தூசியின் நிழல் ஆகியனவும் அதில் கலந்துள்ளன. வில்லையை மூடி, அதே ஒளிபதிவு நேரத்தில், அதே வெப்பநிலையில் எடுப்பது இருட்படம். சீராக ஒளிரும் பரப்பையோ அந்தி வானையோ குவியம் மாற்றாமல் எடுப்பது சமஒளிப்படம். வான்படத்திலிருந்து முன்னதைக் கழித்துப் பின்னதால் வகுத்தல் வேண்டும். சவ்வாது மலையின் காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகம் போன்ற பெரிய ஆய்வகங்களிலும் அடிப்படை இதுவே.

இருட்படத்தில் அடிநிலை மதிப்பும் அடங்கியிருப்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதனைத் தனியே மீண்டும் கழித்தால் ஒன்றையே இருமுறை கழித்ததாகும். வகுத்தலுக்குப் பின் படத்தின் விளிம்புகள் தவறான அளவில் திருந்தும். வெப்பநிலையும் இங்கு முதன்மை பெறுகிறது. உணரியின் வெப்ப மின்னோட்டம் ஏறத்தாழ ஒவ்வொரு 6 அல்லது 7 பாகை செல்சியசு உயர்வுக்கும் இருமடங்காகிறது. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலையில் நள்ளிரவில் எடுத்த படத்திற்கு, மறுநாள் சமவெளியில் வீட்டில் எடுத்த இருட்படம் பொருந்தாது. குளிரூட்டி இல்லாத கருவியெனில், வான்படங்களுக்கு இடையிடையே அங்கேயே இருட்படங்களையும் எடுப்பதே முறை.

அடுக்குதல்

திருத்திய படங்களை விண்மீன்களின் இருப்பிடங்களைக் கொண்டு பொருத்திச் சராசரி காண்பதே அடுக்குதல். சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் ஆகிய இலவச மென்பொருள்கள் இதனைச் செய்கின்றன. தற்போக்கு இரைச்சல் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கேற்பக் குறையும்: 100 படங்களால் பத்து மடங்கு தெளிவு கிட்டும், அதனை இரட்டிக்க 400 படங்கள் வேண்டும். சராசரிக்கு மாற்றாக இடைநிலை மதிப்பைக் கொண்டால் இரைச்சல் ஏறத்தாழ 25 விழுக்காடு மிகும். ஆதலால், விலகிய மதிப்புகளை நீக்கியபின் சராசரி காண்பதே சிறந்தது; வானூர்தி, செயற்கைக்கோள் கோடுகள் அவ்வாறே மறைகின்றன. மூடுபனி அவ்வாறன்று. பாதிப் படங்களில் பனி படர்ந்திருந்தால் எது விலகிய மதிப்பு என மென்பொருளால் பிரித்தறிய இயலாது. அவற்றை முன்னரே கண்ணால் பார்த்து ஒதுக்க வேண்டும்.

தெற்கு வானமும் ஊரொளியும்

கொல்லிமலை ஏறத்தாழ 11.3 பாகை வடக்கு அகலாங்கில் உள்ளது. துருவமீன் அவ்வளவு உயரத்திலேயே நிற்பதால் மரமோ முகடோ மறைத்துவிடும். கருவியைத் துருவத்திற்கு நேர்ப்படுத்துவது கடினம். மறுபுறம், வட ஐரோப்பியர் காணவியலாத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து இங்கு ஏறத்தாழ 31 பாகை உயரத்திற்கு எழுகிறது. கரீனா ஒண்முகில் 19 பாகை எழுகிறது. அத்திசையிலேயே காவிரிக்கரை ஊர்களும் உள்ளன.

ஊரொளியால் படத்தின் கீழ்ப்பகுதி வெளிறினால் சமஒளிப்படம் அதனைத் திருத்தாது; அது வில்லையின் குறையை மட்டுமே அறியும். பின்புல நீக்கக் கருவிகள் வெளிறலின் சராசரியைக் கழிக்கும். அவ்வொளியின் துகள்கள் விட்டுச்சென்ற இரைச்சலைக் கழிக்கமாட்டா. வானம் ஒரு பருமன் அளவு வெளுத்தால், மங்கலான பொருளின் அதே தெளிவைப் பெற 2.5 மடங்கு நேரம் தேவை; மூன்று பருமன் எனில் ஏறத்தாழ 16 மடங்கு. இருண்ட மலையில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பதை அத்தகைய நகரில் பெற 16 மணி நேரம் வேண்டும். ஒமேகா சென்டாரி நல்ல உயரத்தில் நிற்பது ஓர் இரவில் நான்கு மணி நேரம் எனக் கொண்டால், முகிலற்ற நான்கு இரவுகள் அதற்குத் தேவைப்படும்.