இல்லாத கட்டளையை நாமே எழுதலாம்

வீடு, பாலம், இயந்திர உதிரிப்பாகம் என எல்லாவற்றின் படங்களையும் இன்று கணினியிலேயே வரைகிறார்கள். அதற்கான மென்பொருள்களில் பலரும் அறிந்த ஓட்டோகேட் 1982இல் வெளிவந்தது. கோடு, வட்டம், அளவு என்று நூற்றுக்கணக்கான கட்டளைகள் அதில் உண்டு. ஆனால் வீடு வரைபவருக்கு வேண்டியது ஒன்று, நீர்க்குழாய் வரைபவருக்கு வேண்டியது இன்னொன்று. எல்லோருக்கும் தேவையான அனைத்தையும் எந்தக் கம்பனியாலும் முன்கூட்டியே செய்துவைக்க முடியாது. எனவே பாவிப்பவரே புதிய கட்டளைகளை எழுதிச் சேர்க்க ஒரு வாசலைத் திறந்துவிட்டார்கள். 1986இல் வந்த ஓட்டோலிஸ்ப் என்ற மொழிதான் அந்த வாசல்.

என் தாத்தா வீட்டிலிருந்தபடியே கட்டடப் படங்கள் வரைகிறார். மகனை உறங்கவைத்த பிறகுதான் மடிகணினியைத் திறப்பார். கூலி படத்துக்கு மட்டும்தான். எத்தனை மணித்தியாலம் விழித்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அண்மையில் ஒரு மாடிக் கட்டடத்தின் 46 அறைகளுக்கும் சதுர அடி எழுதச் சொன்னார்கள். அறையின் எல்லையைத் தொட்டு, பரப்பளவைப் பார்த்து, கல்குலேட்டரில் மாற்றி, அறையின் நடுவே தட்டெழுத வேண்டும். இப்படி 46 தடவை. உரிமையாளர் ஒரு சுவரை நகர்த்தச் சொன்னால் அந்தப் பக்கத்து அறைகள் மறுபடியும்.

இத்தகைய வேலையை ஸ்கிரிப்டிடம் ஒப்படைக்கலாம். ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் புதிய கட்டளைக்குப் பெயர் வைக்கிறோம். "அறை" என்று வைத்துக்கொள்வோமே. அதன் கீழ் படிகளை எழுதுகிறோம்: மூடிய எல்லைக்கோடு ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல், பரப்பளவை எடு, 92,903ஆல் வகு, விடையை நடுவில் எழுது, அடுத்ததற்குப் போ. படம் மில்லிமீற்றரில் இருக்கிறது. ஓர் அடி 304.8 மில்லிமீற்றர். அதனை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள், அந்த 92,903 எங்கிருந்து வந்தது என்று விளங்கும். கோப்பை ஏற்றியதும் "அறை" மற்றக் கட்டளைகளைப் போலவே இயங்கும். ஓட்டோலிஸ்ப்பில் எல்லாமே அடைப்புக்குறிகளுக்குள்தான். அதன் மூலமொழியான லிஸ்ப்பை ஜோன் மெக்கார்த்தி 1958இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்காக உருவாக்கினார். அது கட்டடப் படங்களுக்குள் வந்து குடியேறியது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இன்னொரு வழி, தொகுக்கப்பட்ட செருகி. சி பிளஸ் பிளஸ் அல்லது சி ஷார்ப் மொழியில் எழுதி, தொகுப்பானால் இயந்திர மொழிக்கு அல்லது அதற்கு நெருங்கிய வடிவத்துக்கு மாற்றிச் சேர்ப்பது. தையலை வைத்துச் சொன்னால், ஸ்கிரிப்ட் என்பது "இங்கே மடி, அங்கே தை" என்று சொல்லிக் கொடுப்பது. செருகி என்பது தையல் மெஷினிலேயே புதிய பாதம் ஒன்றைப் பூட்டுவது. வேகம் அதிகம். சி பிளஸ் பிளஸ் செருகியால் ஓட்டோகேட் அறியாத புதுவகைப் பொருள்களையும் உண்டாக்க முடியும். ஆனால் அந்தச் செருகி இல்லாத கணினியில் படத்தைத் திறந்தால் அப்பொருளின் நிழல் மட்டுமே தெரியும். ஸ்கிரிப்ட் பிழைத்தால் பெரும்பாலும் அந்தக் கட்டளை மட்டும் நிற்கும். செருகி பிழைத்தால் சேமிக்காத படத்தோடு மென்பொருளே மூடிக்கொள்ளலாம்.

"இதெல்லாம் வந்தால் வரைபவர்களுக்கு வேலை இருக்குமா?" என்று உம்மா கேட்டார். எண் எழுதும் வேலை போய்விடும். கதவை எந்தப் பக்கம் திறக்க வைப்பது, குசினிக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும் என்பவை தாத்தாவிடமே இருக்கும் என்று நினைக்கிறேன். இரவில் இரண்டு மணித்தியாலம் மிஞ்சும் என்பது மட்டும் நிச்சயம்.

பழகிப் பார்க்கப் பணம் தேவையில்லை. ஃபிரீகேட் இலவசம். அதன் ஸ்கிரிப்ட் மொழி உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நாம் கற்கும் அதே பைதன். மவுஸால் செய்த வேலையைப் பதிவுசெய்து பைதன் வரிகளாகவே அது எழுதித் தரும். அவ்வரிகளை மாற்றி மாற்றி ஓடவிடுவதுதான் நான் கண்ட இலகுவான தொடக்கம்.

பிறர் எழுதியதை ஏற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். 2012இல் கண்டுபிடிக்கப்பட்ட மெட்ரே என்ற புழு ஓட்டோலிஸ்ப்பில் எழுதப்பட்டது. பெரும்பாலும் பெரு நாட்டிலிருந்து, திறக்கப்பட்ட வரைபடங்களை மின்னஞ்சலில் களவாக அனுப்பிக்கொண்டிருந்தது. பிந்திய ஓட்டோகேட் பதிப்புகள், நம்பகமானதென்று குறிக்கப்படாத கோப்புறையிலிருந்து எதையாவது ஏற்றுமுன் அனுமதி கேட்கின்றன. ஸ்கிரிப்ட் என்றால் திறந்து வரிவரியாக வாசித்துவிட்டுச் சம்மதிக்கலாம். தொகுத்த செருகியை அப்படி வாசிக்க முடியாது. அதைச் செய்தவர் யார் என்று விசாரிப்பதுதான் வழி.